ஒளி பட்டது

என் வேலை இருட்டைக் காவல் காப்பது.
மாரிபோரில், த்ராவா ஆறு தெரியும் மூன்றாம் மாடியில்
கதவுக்குப் பின் இன்னொரு கதவு,
நடுவில் கறுப்புத் துணி.
உள்ளே அறுபது முட்டைகள்.
திருப்பும் இயந்திரம் போன மாதமே பழுது;
ஆறு மணிக்கொரு தடவை போய்
தடவித் தடவி நானே திருப்புகிறேன்.
என் விரல்களுக்கு அவற்றை நன்றாகத் தெரியும்.
கண்களுக்கு இன்னும் அறிமுகமில்லை.

போகொமிர் சொல்கிறார்:
குஞ்சு வெறுங்கையோடு வருவதில்லை.
ஒன்று எது, இரண்டு எது,
உயிருள்ளது எப்படி அசையும்,
மறைந்த பொருள் மாய்ந்துவிடாது என்பதெல்லாம்
ஓட்டுக்குள்ளேயே கட்டிவைத்த மூட்டை.
மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்குவார் உண்டா?

லியுத்மிலா சிரிக்கிறாள்:
இருபத்தொரு நாள் அது கிடந்தது வெற்றிடத்திலா?
அலகு தன் காலைத் தொட்டது.
இதயம் தன்னையே தட்டிக்கொண்டிருந்தது.
பக்கத்து முட்டையின் கீச்சு சுவர் தாண்டி வந்தது.
பட்டதெல்லாம் பாடம்.
மூட்டை என்கிறீர்களே, கட்டியது யார்?
அதை முதலில் சொல்லுங்கள்.

ஒரே சர்க்கரை டப்பாவுக்கு
தினம் சண்டையிடும் இருவர்.
யார் வென்றாலும் கூண்டு கழுவுவது நேஷா,
அதாவது நான்.

சோதனை இவ்வளவுதான்:
இருட்டில் பொரித்த குஞ்சுக்கு
முதன்முதலாக ஒரு வெளிச்சம் காட்டுவோம்.
இடப்பக்கத் திரையில் நடக்கும் கோழி,
வெறும் பதின்மூன்று புள்ளிகளாக.
வலப்பக்கம் அதே பதின்மூன்று, கலைந்துபோய்.
தாயைக் கண்டறியாத குஞ்சு
தாய்போல நடக்கும் புள்ளிகளிடம் ஓடுகிறது.
பெரும்பாலும்.
எல்லாம் அல்ல.
அந்த "எல்லாம் அல்ல"வில்தான்
லியுத்மிலாவின் சம்பளம் ஓடுகிறது.

பிப்ரவரி. வெளியே பனி. இரவு இரண்டு மணி.
நாற்பத்தொன்றாம் முட்டையில் என் விரல் விரிசலை உணர்ந்தது.
குனிந்தேன்.
சட்டைப்பையில் கைபேசி ஒளிர்ந்தது.
வங்கி: நிலுவை பதினெட்டு யூரோ.
ஒரு நொடி, அதிலும் பாதி.
ஓட்டின் ஓட்டை வழியே ஒரு கண்
என்னைப் பார்த்தது,
அல்லது என் கடனை.
இமைத்தது.
இமைக்க யார் சொல்லிக் கொடுத்தார் என்று
போகொமிர் கேட்பார்.
எதற்காக இமைத்தது, ஏதோ பட்டதால்தானே என்பாள் அவள்.
எனக்கோ கையெல்லாம் வேர்த்தது.

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.
பதிவேட்டில் எழுதினேன்:
"41. ஒளி பட்டது."
காலையில் இருவரும் படித்தார்கள்.
அவர் கோடு கிழித்தார்; அதே பேனாவை வாங்கி
அவள் கையெழுத்திட்டாள்.
நான் சேர்ந்த நாளிலிருந்து
அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவை.
பட்டுத் தெரிந்துகொள், பட்டுத் தெரிந்துகொள் என்று
உலகம் எல்லாருக்கும் சொல்கிறது.
எங்கள் அறையில் மட்டும்
பட்டது என்றால் கெட்டது.

எல்லாரும் போனபின்
நாற்பத்தொன்றைத் திரைகளுக்கு நடுவில் விட்டேன்.
கோழி நடந்தது.
புள்ளிகள் கலைந்தன.
அது இரண்டையும் பார்த்தது, சற்று நேரம்,
கடைவாசலில் நின்று சட்டைப்பையைத் தடவும் ஆள்போல.
பிறகு திரும்பி,
தடுமாறி, ஒருமுறை மூக்குக் குப்புற விழுந்து,
என் சட்டைப்பை இருந்த பக்கம் வந்தது.
சூட்டுக்கா, வெளிச்சத்தின் நினைவுக்கா,
எங்கிருந்தோ கொண்டுவந்த மூட்டையில்
என் முகமும் இருந்ததா,
தெரியவில்லை.
எழுதவும் இல்லை.
கணக்கில் இல்லாத குஞ்சுக்கு
குறிப்பும் கிடையாது.

ஆறாம் எண் பேருந்தில்
மடியில் சர்க்கரை டப்பா.
மூடியில் ஆணியால் நான்கு துளை.
பாலம் வந்தபோது உள்ளே கீச்சென்றது;
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்,
நான் இருமினேன்.

மறுநாள் காப்பி நேரம்.
டப்பா எங்கே போயிருக்க முடியும் என்று
போகொமிர் நாற்காலியில் சாய்ந்து,
கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார்.
லியுத்மிலா அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தாள்.
வாளியோடு நான் அவர்களைக் கடந்து போனேன்,
தோளில் ஒரு மஞ்சள் இறகுத் தூவி.
யாரும் என்னைக் கேட்கவில்லை.