தூக்கிய கால்

பிரிட்டனிக் கரையோரம் இந்த ஒற்றையடிப் பாதையில்
முதலில் நடந்தவர்கள் சுங்கக்காரர்கள்.
புகையிலையும் சாராயமும் ஏற்றி வரும் படகுகளை
இருட்டில் வேவு பார்த்து நடந்தார்களாம்.
இப்போது அதே வளைவுகளில்
தொலைநோக்கியும் ரொட்டியுமாய் ஒன்பது பேர்,
மே மாதத்து ஞாயிறு.
யாரையும் பிடிக்கும் உத்தேசமில்லை.

ஒன்பது பேருக்குள் இரண்டு கட்சி:
நடக்க வந்தவர்கள், நிற்க வந்தவர்கள்.
நடப்பவர்களுக்கு எர்வான் தலைவர்,
ஓய்வுபெற்ற ரயில் கார்டு,
இடுப்பில் அடி எண்ணும் கருவி,
சட்டைப்பையில் நாலு பத்துப் பேருந்தின் அட்டவணை.
நிற்பவர்களுக்கு க்வெனோலா.
ஒரு நீர்க்காகம் சிறகு உலர்த்தினால் போதும்
முக்காலியை ஊன்றிவிடுவாள்.

"போன ஞாயிறும் இதே பாறையில் இப்படித்தான் நின்றது"
என்பார் அவர்.
"போன ஞாயிறு வேறு காற்று"
என்பாள் அவள், கண்ணை எடுக்காமல்.

எனக்குக் கட்சி இல்லை.
பூட்ஸ் கடித்தால் நிற்பவர்களோடு,
பசித்தால் நடப்பவர்களோடு.

தூரத்துத் தீவு ஒன்று பாதி வெள்ளை.
சுண்ணாம்புப் பாறையா என்றேன்.
பறவை என்றாள் க்வெனோலா,
பறவையும் அதன் எச்சமும்.
இங்கே அதற்குப் பித்தன் என்று பெயர்.
அவ்வளவு உயரத்திலிருந்து தலைகீழாய்க்
கடலில் விழுகிற ஒன்றுக்கு
வேறென்ன பெயர் வைப்பார்கள்.

குளிர்காலப் புயல் பாதையைத் தின்றுவிட்ட இடத்தில்
கூழாங்கல் திட்டில் இறங்கி நடந்தோம்.
அப்போதுதான் அது ஓடியது,
கைப்பிடியளவு,
ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு.

"ஐயோ முறிந்திருக்கிறது"
ரோசென் கழுத்துத் துண்டை அவிழ்த்துக்கொண்டு பின்னால் போனாள்.
குனிந்தாள். நாலடி நொண்டியது.
மறுபடி குனிந்தாள். மறுபடி நாலடி.

"அசையாதீர்கள்"
க்வெனோலாவின் குரலை
அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.
"யாரும். ஒரு அடிகூட."

எர்வான் எல்லோருக்கும் முன்னால்.
அவருடைய வலது கால் அந்தரத்தில்.
அதற்குக் கீழே மூன்று கற்கள்,
சுற்றியிருந்த ஆயிரம் கற்களைப் போலவே.
ஆனால் ஆயிரத்தில் எதன் மேலும்
யாரும் இப்படிப்
பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்ததில்லை.

ஓடும் பெட்டியில் முப்பது வருஷம்
கம்பியைப் பிடிக்காமல் நின்ற உடம்பு
ஓடாத பூமியில் ஆடியது.
கெண்டைச்சதை நடுங்கியது.
லோயிக் பின்னாலிருந்து அவர் பெல்ட்டைப் பிடித்தான்.
அலை வந்தது, போனது, வந்தது.
கால் மெல்லப் பின்னால் போய்
வேறொரு இடத்தில் இறங்கியது.

வந்த தடத்திலேயே திரும்பலாமென்றால்
கூழாங்கல்லில் ஏது தடம்.
ஒவ்வொரு கல்லாய்ச் சந்தேகித்து
முப்பது அடிக்கு இருபது நிமிஷம்.
சுங்கக்காரர்கூட இப்படிச் சோதித்திருக்க மாட்டார்.

நாங்கள் விலகியதும் அது நொண்டுவதை நிறுத்தியது.
முறிந்த இறக்கையை ஒழுங்காய் மடித்து
நேரே ஓடிவந்து அமர்ந்தது.
அமர்ந்ததும் காணவில்லை.
உப்புக்கொத்தி என்றாள் க்வெனோலா.
"எனக்கு அழுகையே வந்துவிட்டது"
என்றாள் ரோசென், கையில் துண்டோடு,
ஏமாந்தவளின் கோபத்தில்.

நாலு பத்து போய்விட்டது.
அடுத்தது ஆறு இருபதுக்கு.
நிழற்குடையில் ஒன்பது பேரும் நெருங்கி உட்கார்ந்து
கசங்கிப்போன வெண்ணெய்க் கேக்கைப் பிய்த்துத் தின்றோம்.
க்வெனோலா நோட்டில் எழுதினாள்:
உப்புக்கொத்தி ஒன்று, முட்டை மூன்று.
இடம் என்ற கட்டத்தை வெறுமனே விட்டாள்.

எர்வான் கருவியைக் கழற்றிக் காட்டினார்.
பதினாலாயிரத்து இருநூற்று ஆறு.
"அதை இது எண்ணியிருக்குமா?"
எதை என்று யாரும் கேட்கவில்லை.
பதிலும் யாருக்கும் தெரியவில்லை.
லோயிக் அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தான்,
இருநூற்றுப் பதினொன்று ஆகிவிட்டது.

பேருந்து வந்து கதவு திறந்தது.
எல்லோருக்கும் முன்னால் ஏறும் மனிதர்
படியைக்
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
ஏறினார்.