அரைத் திருகு

பங்குனி பிறந்தால் சேரம்பாடிக்கு வருவார் இன்னாசிமுத்து.
பைக்குள் இருபது கிலோ எடைக்கல்
ஆளை ஒரு பக்கமாய்ச் சாய்த்திருக்கும்.
தராசு ரிப்பேர்.
பந்தலூர் பஜாரில் பேக்கரிக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே
நாலடிக் கடை.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்
முத்திரை ஆபீசர் முன்னால்
முள் சரியாகத்தான் நிற்கும்.
ஜீப் வளைவு தாண்டியபின் வேறு கதை.

ஆடி மழையில் ஒரு கூட்டம்.
நான் சந்தா ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.
கூப்பிடாமலே மேடை ஏறினார்:
"திருகாணியைத் திருப்பினது நான்தான்.
அரைத் திருகு. சாக்குக்கு ஒன்றரைக் கிலோ.
பதினோரு வருசம். தடவைக்கு நாற்பது ரூபாய்."

மைக் கொர்ரென்றது.
அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.
தலையில் கவிழ்த்த உரச்சாக்கோடு வீராயி எழுந்தாள்:
"கணக்குப் போடு."

கேண்டீன் கதவில் சாக்பீஸால் போட்டார்.
பெருக்கப் பெருக்கக் கதவு போதவில்லை.

நாற்பத்தொரு நாள் ஸ்ட்ரைக்.
அவித்த பலாக்கொட்டை, சீனியில்லாத தேத்தண்ணி.
ஒன்றரைக் கிலோ திரும்பி வந்தது.

தேர்தலில் தராசுச் சின்னம் கேட்டார்,
கிடைத்தது மெழுகுவத்தி.
இந்த மூடுபனிக்கு மெழுகுவத்தியா என்று சிரித்தவர்களும்
அதிலேயே குத்தினார்கள்.

சென்னையில்
எம்.எல்.ஏ. விடுதிச் சமையற்கட்டில்
கோணல் தராசு ஒன்றை நிமிர்த்தினாராம்.
அவரே சொன்னது. மற்றது பேப்பரில் வந்தது.

இரண்டாம் முறை ஜெயித்த வருசம்
கூலி ஒப்பந்தம். முப்பது கேட்டோம்,
ஒன்பதுக்குக் கையெழுத்துப் போட்டு வந்தார்.
ஏல விலை என்றார், ஃபேக்டரி மூடிவிடுவான் என்றார்,
அதில் பொய்யும் இல்லை.
வீராயி கேட்டாள்: "இது எத்தனை திருகு?"
கிளாசில் பாதித் தேத்தண்ணியை
வைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

அடுத்த தேர்தலில் நான் அவருக்குப் போடவில்லை.
நேரிலேயே சொன்னேன்.
"ரசீது கொடுத்தியா?" என்றார்.

மறுபடி நாலடிக் கடை.
அதற்குள் டிஜிட்டல் வந்துவிட்டது.
ஒன்றைத் திறந்து, பச்சைத் தகட்டை
வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இதுல திருடன் எங்க உக்காந்திருக்கான்னே தெரியலையே."

எடைக்கல் இப்போது சங்கத்தில் இருக்கிறது.
திங்கட்கிழமை முதல் சாக்குக்கு முன்னால்
வீராயி மகள் அதைத் தூக்கி வைக்கிறாள்.
எண்கள் ஓடி, இருபதில் வந்து நிற்கும்வரை
வரிசையில் யாரும் பேசுவதில்லை.

சந்தாப் புத்தகத்தில் அவர் பேரில்
ஆறு ரூபாய் பாக்கி.
தள்ளுபடி எழுதச் சொல்கிறார்கள்.
எழுதவில்லை.