பதினாலரை

இருப்பது இரண்டே எலக்ட்ரான்.
மெதுவாக வந்து போகும் பாசிட்ரானைக் கேட்டால்
பதினாலரை என்கிறது.
குழாயில் ஹைட்ரஜன் அடைத்து அளந்தவர்கள்
ஒருவர் இருவர் அல்ல.
என் கணக்குதான் ஏழில் நிற்கிறது.

கோத்தகிரிக்கு வெளியே, கேர்பெட்டாவில் வாடகை வீடு.
ஐப்பசி மழை.
தேயிலை ஃபேக்டரியின் இரைச்சல் நின்றால்
கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

வீட்டுக்காரர் போஜன் ஒருநாள் கேட்டார்:
"ராத்திரியெல்லாம் லைட்டு எரியுதே மேடம், என்ன கணக்கு?"
ஒரு துகள், ஒரு மூலக்கூறு என்றேன்.
"மோதுமா?"
பக்கத்தில் வரும், திரும்பிப் போகும்.
எவ்வளவு திரும்பும் என்பதுதான் கணக்கு.
"அதுக்கா ஒம்பது வருஷம்?"

அதற்குத்தான்.

முதலில் கரு இரண்டையும் ஆணி அடித்து நிறுத்தினேன்.
நிஜத்தில் அவை நடுங்கிக்கொண்டே இருக்கும்.
நடுக்கத்தையும் சேர்த்தால்
கல்லூரியில் கொடுத்த பழைய மெஷின் தாங்காது.
பிறகு தெரியாத அலைக்கு ஓர் ஊகம்.
ஊகத்தை இப்படியும் அப்படியும் வளைத்து
எங்கே வளைத்தாலும் விடை அசையாத இடத்தைத்
தடவித் தேடுவது.

போன மாசியில் வரைபடத்தில் ஒரு சிகரம் எழுந்தது.
ஊசி போல. யாரும் எழுதியிராதது.
விடிகாலை மூன்று மணிக்கு
கம்பளியோடு வெளியே போய் நின்றேன்.
கீழே மேட்டுப்பாளையத்து விளக்குகள்
எனக்காகவே எரிந்த மாதிரி இருந்தது.
பெயர்கூட வைத்தாயிற்று அதற்கு.

காலையில் ஒரு கோணத்தை,
விடையைத் தொடவே கூடாத ஒரு கோணத்தை,
சற்றே திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.
சிகரம் இல்லை.
பூஜ்யத்தால் வகுக்கப் பார்த்திருக்கிறது மெஷின்.
தொட்டபெட்டா மஞ்சில் மறைந்தால்
மதியத்துக்குள் திரும்பி வந்துவிடும்.
இது வரவில்லை.

நான் விட்டுவிட்டது ஒரு தூரம்.
கருவிலிருந்து பாசிட்ரான் எவ்வளவு, எழுதியிருந்தேன்.
கருவிலிருந்து எலக்ட்ரான் எவ்வளவு, அதையும்.
அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்பதை
மற்ற உறுப்புகள் சேர்ந்து சொல்லிவிடும் என்று நம்பினேன்.
சொல்லவில்லை.
வந்தவன் வாசலுக்கு வருமுன்பே
எலக்ட்ரான் எட்டிப் பார்க்கிறது.
கூடப் போக ஆற்றல் போதாது.
போகாமலே, போனதுபோல் ஒரு கணம்
ஒன்றையொன்று சுற்றுகின்றன.
அந்த ஒரு கணத்தில்தான் இரண்டு பதினாலாகிறது.
சில சமயம் இரண்டுமே இல்லாமல் போகும்.
மிஞ்சுவது இரண்டு காமாக் கதிர்:
ஒன்று மைசூர்ப் பக்கம் போனால்
மற்றது கோயம்புத்தூர்ப் பக்கம்.

நேற்று ஃபேக்டரி வளைவில் காட்டெருமை.
நான் நின்றேன். அது நிற்கவில்லை.
ஒரு குறிப்பிட்ட வேகத்தில்
இழுப்பும் தள்ளலும் சரிக்குச் சரியாகி
மூலக்கூறு அங்கே இல்லாததுபோல
பாசிட்ரான் கடந்து போகும் என்று
வகுப்பில் வருஷாவருஷம் சொல்கிறேன்.
மூலக்கூறுக்கு எப்படி இருக்கும் என்று
நேற்றுதான் தெரிந்தது.
முழங்கால் வெகுநேரம் நடுங்கியது.

விட்ட தூரத்தைச் சேர்த்து ஓடவிட்டு
பதினோரு நாள்.
நடுவில் கரண்ட் நாலு தடவை போனது,
பேட்டரி மூன்று தடவை காப்பாற்றியது,
நாலாவதற்கு முதலிலிருந்து.
இன்று மத்தியானம் துணி எடுக்கப் போனவள்
திரும்பி வந்து பார்க்கிறேன், திரையில்
பன்னிரண்டே முக்கால்.

கொடியில் பாதித் துணி நனைந்தபடி கிடக்க
போஜனிடம் சொன்னேன்.
அவர் இலை போட்டுவிட்டு வந்திருந்தார்,
கையில் ஃபேக்டரிச் சீட்டு.
"எவ்வளவு வரணும்?"
பதினாலரை.
சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"உங்களுக்கும் ஈரத்துக்குக் கழிச்சிட்டாங்களா?"

சிரித்து முடித்து உள்ளே வந்தேன்.
ஒன்றே முக்கால்.
இன்றிரவு அந்த ஆணிகளில் ஒன்றை
லேசாகத் தளர்த்திப் பார்க்க வேண்டும்.