கொண்டுபோனவன்

வியாழன் ஏழரை. அயனாவரம்.
இன்பராஜ் வீட்டு மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்பது,
ஆள் பதினொன்று.
பஸ் டெப்போவிலிருந்து ஏறி வரும் டீசல் வாடையில்
இந்த வாரம் நிருபங்களிலேயே சின்னது.
ஒரே அதிகாரம்.
மிக்சர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்றார் இன்பராஜ்.

என் கண்ணாடி புதியது, அதனால் நான் வாசித்தேன்.
சிறையில் இருக்கும் ஒருவர்
ஓடிப்போன அடிமையை
எஜமானிடமே திருப்பி அனுப்புகிறார்,
கையில் ஒரு கடிதம் கொடுத்து.

சாலொமி டீச்சர் அன்பு என்றார்.
பிளசன் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் தேடி
கைப்பிடிச் சுவர்வரை போய்ப் போனைத் தூக்கிப் பிடித்தான்.
அடிமை என்பதை வேலைக்காரன் என்று எடுத்துக்கொள்ளலாமா
என்று யாரோ கேட்க,
கூடாது என்று யாரோ சொல்ல,
மிக்சர் வந்துவிட்டது.

அப்போதுதான் மேசாக் வாயைத் திறந்தார்.
சிட்டி சிவில் கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் அமீனா.
வந்து சேர்ந்த நாலு மாதத்தில்
ஆமென் தவிர ஒன்றும் சொன்னதில்லை.

"அந்தக் கடுதாசிய அவனேதான எடுத்துக்கினு போனான்?
உள்ள இன்னா எழுதியிருக்குன்னு
அவனுக்குத் தெரியுமா?"

பதில் இல்லை. தட்டு கை மாறியது.

"நான் சம்மன் எடுத்துக்கினு போவேன்.
மூஞ்சியப் பாத்தே கதவ சாத்துவாங்க.
ஆனா அதுல இருக்கறது எம்பேரு இல்ல.
இவன் தன் தலையெழுத்தத் தானே சொமந்துக்கினு
எத்தினி நாள் நடந்தானோ. கப்பல் வேற.
ஒரு ராத்திரியாவது பிரிச்சிப் பாக்கணும்னு தோணாது?"

அவனுக்குப் படிக்கத் தெரிந்திருக்காது அங்கிள், என்றான் பிளசன்.

"அப்ப இன்னும் மோசம்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
ஏற்கெனவே துடைத்ததுதான்.

அமுலு எங்கள் வீட்டில் ஆறு வருஷம்.
போன் எல்லார் கையிலும் வராத காலம்.
மழை விடாத ஒரு டிசம்பர்ச் செவ்வாய்,
அவளைச் சேர்த்துவிட்ட ஓட்டேரி அக்காவுக்கு
நாலு வரி எழுதினேன்.
நாளையிலிருந்து இவள் வேண்டாம்.
உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி
போகிற வழிதானே என்று
அவளிடமே கொடுத்தேன்.

நனையக் கூடாதென்று அவள்
வீட்டுக்கு எடுத்துப்போக இருந்த சோற்றை
நாய்க்குப் போட்டு,
டப்பாவை முந்தானையால் துடைத்து,
அதற்குள் வைத்து மூடினாள்.
"பத்ரமா குடுத்துடறேன்க்கா."

கொடுத்திருக்கிறாள்.
மறுநாள் அவள் வரவில்லை.

எஜமான் என்ன செய்தான் என்று எங்கும் எழுதியில்லை,
பதில் கடிதம் ஏதும் மிஞ்சவில்லை என்று
இன்பராஜ் புத்தகத்தை மூடினார்.
முடிவு ஜெபம் என் முறை.
எல்லாரும் தலை குனிந்தார்கள்.
கீழே ஏதோ பஸ் பின்னால் வருகிறது,
வரலாம், வரலாம் என்று கண்டக்டர் தட்டிக்கொண்டே இருக்கிறார்.
எனக்கு முதல் சொல் வரவில்லை.

மேசாக் மட்டும் கண்ணை மூடவில்லை.
சாத்திய கதவுக்குப் பின்னால்
ஆள் இருக்கிறதா என்று
அவருக்குத் தெரியும்.