கலம்

பாலங்கள் வருமுன்
மூதூரிலிருந்து கடல் கடந்து வேலைக்குப் போனவள் நான்.
காலை ஏழு மணி லோஞ்ச், மாலை நாலரை லோஞ்ச்.
இடையில் திருகோணமலை ஆஸ்பத்திரி ஆய்வுகூடம்,
ஜன்னலோரத்து நுண்நோக்கி.

பதினாலாம் கட்டில், ஈச்சிலம்பற்றுக்காரி,
மூன்று நாளாய்ச் செஃபலெக்சின்.
அவளுடைய சிறுநீரில் ஒரு துளி எடுத்துச்
சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டுப் பார்த்தேன்.
குட்டைக் கோல்களைக் காணோம்.
இளஞ்சிவப்பு நூல்கள்
பார்வை வட்டத்தின் குறுக்கே
அறுபடாமல் போய்க்கொண்டிருந்தன.

"தூசு. மீள எடும்" என்றாள் திலகேஸ்வரி.
தூசுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

கோலுருவான கலத்திடம் அளவுநாடா இல்லை.
ஒரு புரதம் சவ்வில் போய் ஒட்டும்.
இன்னொன்று பின்னால் வந்து அதைக் கழற்றும்.
கழன்றது எதிர்முனைக்கு ஓடி அங்கே ஒட்டும்.
நிமிடத்துக்கு ஒரு தடவை போக்கும் வரவும்.
அது மிகக் குறைவாய்த் தங்குகிற இடம் எதுவோ
அதுதான் நடு.
வளையம் அங்கேதான் கட்டப்படும்,
சவ்வின் கொழுப்புக்குள் கால் புதைத்த சில
அதை இழுத்துப் பிடித்திருக்க,
சவ்வை ஊடுருவி நிற்கும் இன்னும் சில
வெளிப்பக்கம் சுவர் தைக்கும்.

மருந்து பிடித்தது
அந்தத் தையற்காரியின் கையை மட்டும்.
நடு தெரிகிறது, வளையம் இருக்கிறது,
ஊசி நகரவில்லை.
உள்ளே மரபிழை இரண்டாகி நாலாகித்
தடுப்பில்லாத ஒரே வீட்டில் படுத்திருக்கிறது.

அன்று மாலை
கொட்டியாரக் குடாவின் நடுவில் எஞ்சின் நின்றது.
முஸம்மில் காக்கா தலையை உள்ளே விட்டு ஏசினார்.
யாருடையதோ கூடைக்குள் கோழி.

இரண்டு துறையிலும் மணிக்கணக்காய்க் கிடக்கிற லோஞ்ச்
நடுவில் ஒருநாளும் தங்கியதில்லை.
ஏழு வருடத்தில் அந்தத் தண்ணீரை
அன்றுதான் பார்த்தேன். கறுப்பு.
பள்ளியில் கலம் என்று படித்தபோது
கப்பலா மிஸ் என்று கேட்டு அடி வாங்கியவள்
என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள்.

மருந்து வடிந்தால்
நூல் பல இடத்தில் ஒன்றாய் அறுந்து பெருகும்.
வடியாவிட்டால் வெடிக்கும்.
படிவத்தில் இதற்குப் பெட்டி இல்லாததால்
ஓரத்தில் எழுதிவிட்டு வந்திருந்தேன்:
நீண்டிருக்கின்றன.
இறந்தவை எனக் கொள்ள வேண்டாம்.
நாளைக்கும் ஒரு மாதிரி அனுப்பவும்.

மஃரிபுக்குப் பாங்கு கேட்டது.
எந்தக் கரையிலிருந்து என்று
யாருக்கும் பிடிபடவில்லை.