நேரம் மாற்றத் தேவையில்லை

மன்னாரில் பஸ் ஏறி
கொழும்பில் விமானம் ஏறி
சென்னையிலிருந்து இரவெல்லாம் ரயிலில் கிடந்து
மண்டபம் வந்து சேர்ந்தேன்.
இரண்டு நாள்.
மேகமில்லாத இரவில் எங்கள் கரையிலிருந்து
மங்கலாய் ஒரு வெளிச்சம் தெரியும்,
அதற்குக் கீழே வந்து நிற்பதற்கு.

விமானம் இறங்கியதும் பக்கத்து இருக்கைக்காரர்
கைக்கடிகாரத்தைத் திருகத் தொடங்கி
பிறகு சிரித்துக்கொண்டார்.
இரண்டு நாட்டுக்கும் ஒரே மணி.

வருகைப் பதிவேட்டில் என் பெயர் றெஜினோல்டா.
'றெ' தப்பென்று முனியராஜ் சார்
சிவப்பு மையில் 'ரெ' ஆக்கியிருக்கிறார்.
கடல்புல் கணக்குதான் வேலை:
ஒரு சதுர மீட்டரில் எத்தனை தாள், என்ன நீளம்,
நடுவே கடலட்டை கிடந்தால் அதுவும்.
நனைந்த தாளில் பென்சிலால் எழுதியதை
உலர்ந்த அறையில் எக்செலில் ஏற்றுவேன்.

"கதைக்கிறியா, கதை விடுறியா?"
என் பேச்சுக்கு ஹமீதா தினமும் சிரிப்பாள்.
கீழக்கரையிலிருந்து டிபன் பாக்ஸின் மேல்தட்டில்
எனக்கொரு துண்டு தொதல் வரும்.
எங்கட ஊரிலும் இதுக்குத் தொதல்தான் பேர் என்றேன்.
அவள் நம்பவில்லை.
நானும் அவளது தொதல்தான் ருசி என்று ஒப்புக்கொள்ளவில்லை.

வெள்ளி சாயங்காலம் சார் சொன்னார்:
"ஜி காலம் காலியா கெடக்கு.
திங்கக்கிழமை ரிப்போர்ட் போகணும்."

சனி. குந்துகால்.
குருசடைத் தீவுக்குப் படகுச் சீட்டு.
"ஆதார்?"
"பாஸ்போர்ட் இருக்கு."
அவர் நிமிர்ந்தார். புரட்டினார்.
படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்,
எங்கேயோ போன் போட்டார்.
பின்னால் நின்ற மதுரைக் குடும்பம்
எனக்காகக் கால்மணி நேரம் வெயில் தின்றது.
"அந்த அக்கா ஃபாரினாப்பா?
அப்ப ஏன் தமிழ் பேசுது?"
அப்பாவிடம் பதில் இல்லை.
சீட்டுக்காரரிடம் இருந்தது: மூன்று கையெழுத்து.

"கச்சான் கிடைக்குமா அண்ணே?"
கொறிக்க ஏதாவது வாங்கலாமென்று கேட்டேன்.
படகுக்கார நம்புராஜன் வானத்தைப் பார்த்தார்.
"பன்னெண்டுக்கு மேல ஏறும். அதுக்குள்ள திரும்பிரலாம்."
நான் கேட்டது வேர்க்கடலை.
அவர் சொன்னது காற்று.

படகின் கண்ணாடித் தரைக்குக் கீழே
எல்லோரும் மீன் பார்த்தார்கள்.
நான் இருபத்தாறு, இருபத்தேழு என்று
புல் எண்ணிக்கொண்டிருந்தேன்.
"ஏ, இன்னைக்கு லீவு!"
ஹமீதா என் கண்ணைப் பொத்தினாள்.
விரலிடுக்கில் இன்னும் நாலு தாள்.

திரும்பும்போது நம்புராஜன் ரேடியோ போட்டார்.
இந்தக் கடலில் அந்தக் கரை ஸ்டேஷன்தான் தெளிவாம்.
பாட்டு பாதியில் நின்று ஒரு பெண்குரல்:
நாளை காலை எட்டரை முதல் மாலை ஐந்து மணி வரை
மின்சாரம் தடைப்படும் இடங்கள்,
தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, பேசாலை

பேசாலை.
வங்கி வரிசையில் கூப்பிடுகிற மாதிரி
அவ்வளவு சாதாரணமாய்.

"வேற ஸ்டேஷன் வைங்கண்ணே," என்றார் மதுரைக்காரர்.
நம்புராஜன் திருகினார்.
நான் அதற்குள் தட்டியிருந்தேன்:
அம்மா, நாளைக்குக் கரண்ட் இல்லை.
டாங்கியை நிரப்பி வையுங்கோ.

பாலம் தெரிகிற இடத்தில் பதில் வந்தது.
"இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கு ஆர் சொன்னது?"
அதற்கு மேலேயே சார்:
"ஜி காலம்?"
சாருக்குத்தான் முதலில் பதில் போட்டேன்.

ஞாயிறு, விடுதி அறை, எக்செல்.
ஜி நான்கு. ஜி ஐந்து.
எட்டரை ஆனதும் எழுந்து
மின்விசிறியை நிறுத்தினேன்.
ஏனென்று கேட்க அறையில் யாரும் இல்லை.
ஜி இருபது. ஜி இருபத்தொன்று.
முழங்கையில் தாள் ஒட்டியது.
பதினொன்றரைக்கு மேல் தாங்கவில்லை,
போட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு இன்னும்
ஐந்தரை மணி நேரம்.