சிவப்பு எண்கள்

வாயு நின்று பதினோரு நாள்.
நீயும் நில் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.
அதனால் போகிறேன்,
நீஸ்தர் ஆற்றங்கரை அடுக்குமாடிகளுக்கு,
டார்ச், கணக்கு நோட்டு, பென்சில்.
பேனாவில் மை உறைந்துவிடுகிறது.

மூன்றாம் எண் வீடு: 4172.
போன வாரமும் அதே.
ஐந்தாம் எண்ணில் ஒனுஃப்ரி சொன்னார்
அடுப்பில் பூனை தூங்குகிறதென்று.
பேச்சுக்குச் சொல்லவில்லை,
அவனின் கதவைத் திறந்தே காட்டினார்:
சாம்பல் நிறம், ஒரு கண் மட்டும் விழித்தது.

ஏழாம் எண்ணில் ஸினோவியா,
மேல்கோட்டுக்கு மேல் மேல்கோட்டு,
"எப்போது வரும்?"

வானொலியில் அமைச்சர்கள் பேசுகிறார்கள்.
பழைய பாக்கி, புதிய ஒப்பந்தம்,
எல்லைக்கு அப்பால் யாரோ திருகிய வால்வு.
ஆனால் இந்தப் படிக்கட்டில்
கதவைத் தட்டும் அரசாங்கம்
நான் ஒருத்திதான்.
"தெரியாது" என்றேன்.
அதையும் ஒரு பதிலென வாங்கி வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட வரைபடத்தில் குழாய் ஒரு கோடு.
கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது
என்பார் கணக்கு வாத்தியார்.
உண்டு சார்.
அந்த அகலத்துக்குள்தான்
முப்பது வருடம் சமைத்தோம், குளித்தோம்,
உள்ளாடைகளை உலர்த்தினோம்.

கடைசிக் கட்டடம், கடைசி மாடி.
குழாய் முடிகிற இடம்.
வெனியமின் கதவைப் பாதிதான் திறந்தான்.
பால் காயும் வாசனை
மீதிப் பாதியைத் திறந்தது.

குழாயில் தங்கிப்போன கொஞ்சம் அழுத்தம்,
பர்னரில் நகக்கண் அளவு நீலம்.
மேடையில் வரிசையாக ஏழு பால் பாட்டில்கள்,
ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி
வீட்டு எண் எழுதியிருந்தது.

விதி எனக்குத் தெரியும்.
அழுத்தம் இறங்கினால் குழாய்க்குள் காற்று புகும்,
கண்டால் மூடி முத்திரை வை.
அவனுக்கும் தெரியும். பாலிலிருந்து
கண்ணை எடுக்கவில்லை.

டார்ச்சை மீட்டரில் அடித்தேன்.
கறுப்பு எண்கள் செத்துக் கிடந்தன.
புள்ளிக்கு அந்தப் பக்கம், கடைசிச் சிவப்பு எண் மட்டும்
சோம்பல் முறித்து
ஐந்திலிருந்து ஆறுக்குப் புரண்டது.

சிவப்பு எண்களை நாங்கள் எழுதுவதில்லை.
வேலையின் முதல் நாளே
சொல்லிக் கொடுத்தது அது.

2089 என்று எழுதினேன்.
நோட்டை மூடும்போது
துணியில் சுற்றி ஒரு பாட்டிலை நீட்டினான்,
"இரண்டாம் மாடி. போகிற வழிதானே."

பையில் ஈய முத்திரைகளுக்குப் பக்கத்தில்
அதைச் செருகிக்கொண்டு
இறங்கினேன், இரண்டிரண்டு படியாக,
ஆறிவிடுவதற்குள்.